கிராங்க்கேஸ் வாயு எங்கே போக வேண்டும்? சூப்பர்சார்ஜர் பூட்டிய டிரக் இன்ஜின்களில் ஒரு பழைய கேள்வி

பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே துளியும் வாயு கசியாத இன்ஜினை இதுவரை யாரும் செய்ததில்லை. ரிங் ஓர் இடத்தில் வெட்டுண்ட வளையம். அந்த வெட்டு இல்லாவிட்டால் அதைப் பிஸ்டனில் மாட்ட முடியாது, சூட்டில் விரிய அதற்கு இடமும் இருக்காது. அந்த இடைவெளி வழியாகவும் ரிங் பள்ளத்தைச் சுற்றியும், ஒவ்வொரு முறை எரியும்போதும் கொஞ்சம் வாயு கிராங்க்கேஸுக்குள் இறங்கிவிடுகிறது. நம் பட்டறைகளில் பேக் கம்ப்ரஷன் என்று சொல்வது இதைத்தான். பொறியியல் நூல்கள் பிளோபை என்கின்றன. இறங்கிய வாயு அங்கேயே தங்கினால் அழுத்தம் ஏறி ஆயில் சீலைப் பிதுக்கும், டிப்ஸ்டிக்கை மேலே தள்ளும். கூடவே வந்த எரியாத பெட்ரோலும் நீராவியும் அமிலமும் ஆயிலைக் கெடுக்கும். எனவே அதை வெளியேற்றித்தான் ஆகவேண்டும். எந்த வழியாக, எங்கே, அதில் கலந்து வரும் ஆயிலை எப்படிப் பிரித்துவிட்டு என்ற கேள்விக்கு மோட்டார் துறை ஏறக்குறைய நூறு ஆண்டுகளாக விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

சூப்பர்சார்ஜர் பூட்டிய பிக்கப் டிரக்கில் இந்த விடைகள் எல்லாமே சோதனைக்கு உள்ளாகின்றன. 1999இல் ஃபோர்டு எஃப்-150 எஸ்விடி லைட்னிங் 5.4 லிட்டர் வி8 இன்ஜினோடும் ஈட்டன் எம்112 புளோயரோடும் வந்தது. 2021இல் ராம் 1500 டிஆர்எக்ஸ் 6.2 லிட்டர் இன்ஜினில் 702 குதிரைத்திறனைத் தொட்டது. 2023இல் ஃபோர்டு ராப்டர் ஆர் 5.2 லிட்டரில் 700 குதிரைத்திறனோடு வந்தது. இவை தவிர ஜிஎம், டொயோட்டா டிரக்குகளுக்கு மாக்னுசன், விப்பிள் போன்ற நிறுவனங்கள் வெளியிலிருந்து பூட்டும் கிட்டுகளைத் தருகின்றன. ஸ்போர்ட்ஸ் கார் பூஸ்டில், அதாவது சூப்பர்சார்ஜர் திணிக்கும் காற்றழுத்தத்தில், ஓடுவது பெரும்பாலும் சில விநாடிகள். பின்னால் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோவில் 3,300 மீட்டருக்கு மேலே உள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் டிரக், நிமிடக்கணக்கில் பூஸ்டிலேயே நிற்கலாம். கார்களில் கண்டெடுத்த விடைகளை டிரக்குக்கு அப்படியே பொருத்துவதில் உள்ள முதல் சிக்கல் இது.

எவ்வளவு வாயு, எவ்வளவு வேகம்

ஆரோக்கியமான இன்ஜினில் உள்ளிழுத்த காற்றில் ஒரு சதவீத அளவு கீழே இறங்குவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். அதை வைத்து 6.2 லிட்டர் வி8 ஒன்றுக்குத் தோராயமாகக் கணக்குப் போடலாம். ஐடிலில், 700 ஆர்பிஎம்மில், மேனிஃபோல்டில் ஆழ்ந்த வேக்குவம் இருக்கும்போது, அந்த இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 760 லிட்டர் காற்றை விழுங்கும். கீழே இறங்குவது ஏழெட்டு லிட்டர். மெதுவான ஓட்டத்தில் கசிய நேரம் அதிகம் என்பதால் கொஞ்சம் கூடலாம். அதே இன்ஜின் 6,000 ஆர்பிஎம்மில், 0.7 பார் பூஸ்டில் ஓடினால் நிமிடத்துக்கு 25,000 லிட்டரைத் தாண்டும். இறங்குவது 250 லிட்டர். ரிங் நிலை மாறாமலே கசிவு பல மடங்காகிறது.

அந்த 250 லிட்டரும் உள்விட்டம் 10 மில்லிமீட்டர் உள்ள ஒரே குழாய் வழியாக வெளியேற வேண்டுமானால், வாயுவின் வேகம் விநாடிக்கு 50 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்தில் வாயு ஆயில் துளிகளைக் கீழே விழ விடாது, சுமந்துகொண்டே போகும். குழாயை 20 மில்லிமீட்டராக்கினால் வேகம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆயிலைப் பிரிக்கும் பிரிப்பான் டப்பாக்களின் விளம்பரங்களில் இந்தக் கணக்கு அதிகம் வருவதில்லை. ஆனால் ஆயில் எவ்வளவு வெளியேறும் என்பதைத் தீர்மானிப்பதில் டப்பாவின் வடிவத்துக்கு இணையாகவோ, அதைவிட மேலாகவோ குழாயின் குறுக்களவுக்கும் பங்கு உண்டு.

ஆயில் வாயுவில் ஏறும் வழிகளும் ஒன்றிரண்டல்ல. பேரிங்குகளிலிருந்து சிதறுவது, பிஸ்டனைக் குளிர்விக்கும் ஜெட்டுகள் பீய்ச்சுவது, ரிங்கைக் கடந்து பாயும் வாயு சிலிண்டர் சுவரிலிருந்து உரித்தெடுப்பது, சூட்டில் ஆவியாவது எல்லாமே சேர்ந்ததுதான் அந்த மூடுபனி. வி8 இன்ஜின்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சிலிண்டர் ஹெட்டிலிருந்து ஆயில் கீழே வடியும் அதே பாதைகள் வழியாகத்தான் பல வடிவமைப்புகளில் வாயு மேலே ஏறுகிறது. கசிவு கூடும்போது மேலேறும் வாயு இறங்கும் ஆயிலைத் தடுக்கிறது. டாப்பெட் கவருக்குள் ஆயில் தேங்குகிறது. வாயுவை உறிஞ்சும் துளை அதில் மூழ்கினால் துளியாக அல்ல, ஓடையாகவே ஆயில் இன்டேக்குக்குப் போகும்.

ரோட்டில் விட்ட காலமும் பிசிவி வந்த கதையும்

முதல் விடை எளிமையானது: வெளியே விடு. 1920களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்க வண்டிகளில் இன்ஜினின் அடியில் ஒரு குழாய் தொங்கியது. வண்டி ஓடும்போது அடியில் பாயும் காற்று அந்தக் குழாயின் முனையில் சற்றே உறிஞ்சும். மேலே ஆயில் ஊற்றும் மூடியின் சல்லடை வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். வண்டி நின்றால் உறிஞ்சல் இல்லை. நகரத்துக்குள் நின்று நின்று ஓடிய வண்டிகளில் ஆயில் சீக்கிரமே சகதியாக மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். வாயுவை இன்டேக்குக்கே திருப்பும் மூடிய முறை முதலில் வந்ததும் காற்றைத் தூய்மையாக வைப்பதற்காக அல்ல. இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்பில் கிராங்க்கேஸை மேனிஃபோல்டோடு இணைக்கும் வால்வு இருந்தது. தூசியும் ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரும் இன்ஜினுக்குள் புகக்கூடாது என்பதே நோக்கம்.

1950களில் கால்டெக் பேராசிரியர் ஆரி ஹாகன்-ஸ்மித், லாஸ் ஏஞ்சல்ஸின் புகைமூட்டம் ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது என்று காட்டினார். எக்ஸாஸ்ட்டிலிருந்து மட்டும் அல்ல, கட்டுப்பாடற்ற ஒரு வண்டி வெளிவிடும் ஹைட்ரோகார்பனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கிராங்க்கேஸிலிருந்தே வருகிறது என்பதும் அந்தப் பத்தாண்டின் இறுதியில் தெளிவானது. 1961 மாடல் புதிய கார்களுக்குக் கலிபோர்னியாவில், அந்த வாயுவை மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சும் பிசிவி வால்வு வந்தது. 1963 மாடலிலிருந்து நாடு முழுவதும் பரவியது. இந்த இடைவெளியையும் ஒரு காரணமாகச் சுட்டி, கார் நிறுவனங்கள் கூடிப்பேசி மாசுக் கட்டுப்பாட்டைத் தாமதப்படுத்தின என்று 1969இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. அது சமரசத் தீர்ப்பில் முடிந்தது. இவ்வளவு மலிவான ஒரு ஸ்பிரிங் வால்வுக்காக ஒரு நாடு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதை இத்துறையில் உள்ளவர்கள் மறக்கக் கூடாது.

பிசிவியின் வேலை கழிவை உறிஞ்சுவது மட்டும் அல்ல. ஒரு பக்கத்தில் வடிகட்டிய புதுக்காற்று உள்ளே வந்து, கிராங்க்கேஸ் முழுவதையும் அலசி, நீராவியையும் பெட்ரோல் ஆவியையும் எடுத்துக்கொண்டு மறுபக்கம் மேனிஃபோல்டுக்குள் போய் எரிகிறது. அதன் குறை அதன் இயல்பிலேயே இருக்கிறது. ஐடிலில் கசிவு குறைவு, ஆனால் வேக்குவம் மிக அதிகம். வால்வு தன்னைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. த்ராட்டில் முழுக்கத் திறந்தால் கசிவு உச்சத்தில், வேக்குவம் ஏறத்தாழப் பூஜ்யம். தேவை அதிகமாகும்போது இழுக்கும் சக்தி குறைகிறது. சாதாரண இன்ஜினில் அப்போது எஞ்சிய வாயு புதுக்காற்று வரும் குழாய் வழியாகவே திரும்பி ஓடி ஏர் ஃபில்டருக்குப் பின்னால் சேர்ந்துவிடும். பூஸ்ட் இல்லாதவரை இது பெரிய தொல்லை இல்லை.

பூஸ்ட் எங்கே தொடங்குகிறது

சூப்பர்சார்ஜர் வந்ததும் முதலில் கேட்கவேண்டியது பிசிவி எந்த இடத்தில் இணைந்திருக்கிறது என்பதுதான். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் எழுதப்படும் பரிந்துரைகளால்தான் இந்த விவாதம் இவ்வளவு குழம்பிக் கிடக்கிறது.

ரூட்ஸ் அல்லது ட்வின்-ஸ்க்ரூ வகை புளோயர் இன்டேக் மேனிஃபோல்டின் மேலேயே உட்காரும். த்ராட்டில் முதலில், ரோட்டர்கள் அடுத்து, அவற்றுக்குக் கீழே தண்ணீரால் குளிரும் இன்டர்கூலர். த்ராட்டிலுக்கும் ரோட்டருக்கும் இடைப்பட்ட அறையில் பூஸ்ட் ஒருபோதும் வராது. சாதாரண ஓட்டத்தில் அங்கே நல்ல வேக்குவம் இருக்கும். முழு த்ராட்டிலிலும் லேசான உறிஞ்சல் மிஞ்சும். பிசிவியை அங்கே இணைத்தால் வால்வு எப்போதும் சரியான திசையில் வேலை செய்யும். ஆனால் அங்கே நுழையும் ஆயில் ரோட்டர்களை நனைத்து, இன்டர்கூலரின் மெல்லிய தகடுகளில் படலமாக ஒட்டும். படலம் தடித்தால் சூடு இறங்குவது குறையும், உள்ளே போகும் காற்றின் வெப்பம் ஏறும். அடியில் தேங்கிய ஆயில் திடீரென்று த்ராட்டில் திறக்கும்போது மொத்தமாக ஒரு சிலிண்டருக்குள் போகவும் வாய்ப்பு உண்டு.

புரோசார்ஜர், வோர்ட்டெக் போன்ற சென்ட்ரிஃபியூகல் வகையில் கம்ப்ரஸர் த்ராட்டிலுக்கு முன்னால் இருக்கும். மேனிஃபோல்டு ஐடிலில் வேக்குவத்திலும் சுமையில் பூஸ்டிலும் மாறி மாறி இருக்கும். டர்போ இன்ஜினும் இப்படித்தான். இங்கே பிசிவி வால்வு பூஸ்டின்போது ஒருவழி வால்வாக இறுக மூட வேண்டும். சிறிது கசிந்தாலும் மேனிஃபோல்டின் அழுத்தம் நேராகக் கிராங்க்கேஸுக்குள் இறங்கும். ரிங் நன்றாக இருந்தும் சீல் ஒழுகும், வண்டிக்காரர் இன்ஜினைப் பிரிக்கச் செலவு செய்வார். பழைய இன்ஜினில் இருந்த வால்வையே வைத்துக்கொண்டு கிட்டைப் பூட்டுவது இந்த வகையில் நேரும் பெரும் தவறுகளில் ஒன்று. வால்வு ஒழுங்காக மூடினாலும், பூஸ்ட் நேரத்து வாயு முழுவதும் மறுபக்கக் குழாய் வழியாகக் கம்ப்ரஸரின் வாய்க்குத்தான் போக வேண்டும். எனவே ஐடிலுக்கு ஒரு பாதை, பூஸ்டுக்கு ஒரு பாதை, இரண்டிலும் ஒருவழி வால்வு என்ற இரட்டைப் பாதை அமைப்பு இந்த வகைக்குப் பொருந்தும். அது சிக்கலானது, குழாய்கள் கூடும், ஒருவழி வால்வு சூட்டிலும் ஆயிலிலும் ஒட்டிக்கொள்ளும். இருந்தாலும் இரண்டு நிலைகளையும் ஒப்புக்கொண்டு வடிவமைத்தது அது ஒன்றுதான்.

உற்பத்தியாளர்களும் இதே பாதையில் தடுமாறித்தான் கற்றிருக்கிறார்கள். ஜிஎம் தன் எல்எஸ்1 இன்ஜினில் டாப்பெட் கவரிலிருந்து உறிஞ்சியது. 2001இல் எல்எஸ்6 வந்தபோது உறிஞ்சும் இடத்தைச் சிலிண்டர் வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் மூடிக்கு மாற்றியது. வேகமாகத் திரும்பும்போதும் உயர்ந்த ஆர்பிஎம்மிலும் ஆயில் இழுபடுவது குறைந்தது. பின்னர் சில சிலிண்டர்களை அணைத்து ஓடும் 5.3 லிட்டர் டிரக் இன்ஜின்களில் ஆயில் குறைகிறது என்ற புகார் எழுந்தபோது, திருத்திய டாப்பெட் கவரைத் தந்தது. சூப்பர்சார்ஜர் இல்லாத இன்ஜினிலேயே உறிஞ்சும் துளையின் இடம் இவ்வளவு முக்கியமென்றால், பூஸ்டில் அது எவ்வளவு முக்கியமாகும் என்பதை ஊகிக்கலாம்.

திறந்துவிடச் சொல்பவர்கள்

பந்தயக் களத்திலிருந்து வந்த தரப்பு ஒன்று, இன்டேக்குக்குள் ஒரு துளி ஆயில்கூட வரக்கூடாது என்கிறது. இரண்டு டாப்பெட் கவர்களிலும் பெரிய குழாய் போட்டு, ஃபில்டர் வைத்த டப்பாவுக்கு விட்டுவிடலாம் என்பது அதன் தீர்வு. ஆயில் ஆவி கலந்தால் எரிபொருள் கலவையின் ஆக்டேன் குறையும், நாக் எனும் முறைதவறிய எரிதல் ஏற்படும், இன்ஜின் கணினி இக்னிஷனைப் பின்தள்ளும் என்ற வாதத்தில் உண்மை இருக்கிறது. பெரிய குழாய்களும் மேலே போட்ட கணக்கின்படி சரியானவையே.

ஆனால் தினமும் ஓடும் டிரக்குக்கு இது பொருந்தாது. முதலாவதாக, அலசல் நின்றுவிடுகிறது. அழுத்தம் வெளியேறுகிறது, புதுக்காற்று உள்ளே ஓடுவதில்லை. குளிர்காலத்தில் சிறு தூரம் ஓடும் வண்டியில் நீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். பந்தய இன்ஜினில் ஆயில் அடிக்கடி மாற்றப்படுவதால் இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. இரண்டாவதாக, பெட்ரோல் வண்டிகளில் கிராங்க்கேஸ் வாயுவைத் திறந்துவிடுவது அமெரிக்காவில் 1968 மாடலிலிருந்து கூட்டாட்சி விதிப்படி தடைசெய்யப்பட்டது. கலிபோர்னியாவில் வெளியிலிருந்து பூட்டும் சூப்பர்சார்ஜர் கிட்டுக்கு மாநிலக் காற்றுவள வாரியத்தின் அனுமதி உத்தரவு வேண்டும், குழாயை அறுத்துத் திறந்துவிட்டால் அந்த அனுமதி பொருளற்றுப் போகும். மூன்றாவதாக, உறிஞ்சும் பக்கத்தை அப்படியே விட்டுப் புதுக்காற்றுப் பக்கத்தை மட்டும் திறந்தால், ஏர்ஃப்ளோ மீட்டர் அளக்காத காற்று இன்ஜினுக்குள் போகும். எரிபொருள் கணக்கு பிசகும். இதே தரப்பின் இன்னொரு பிரிவு எக்ஸாஸ்ட் குழாயில் செருகி உறிஞ்சச் சொல்கிறது. கேட்டலிஸ்ட்டும் சைலன்ஸரும் உள்ள வண்டியில் அங்கே உறிஞ்சல் கிடைக்காது, எதிரழுத்தம்தான் கிடைக்கும்.

புரோ ஸ்டாக் டிராக் பந்தயங்களில் பழகிப்போன வேக்குவம் பம்ப் இவற்றிலிருந்து வேறுபட்டது. பெல்ட்டால் ஓடி, முழு பூஸ்டிலும் கிராங்க்கேஸை வளிமண்டலத்தைவிடக் கீழான அழுத்தத்தில் வைக்கிறது; ரிங் நன்றாகப் பதிகிறது, கசிவும் குறைகிறது. கோட்பாட்டளவில் இதுவே மிகத் தூய்மையான விடை. ஆயில் தெறிப்பைக் கொண்டு நனையும் பிஸ்டன் பின் வறளாதபடி வேக்குவத்துக்கு வரம்பு வைக்க வேண்டும், பம்ப் வெளியே தள்ளும் ஆயிலையும் எங்கோ பிரிக்க வேண்டும். லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டிய டிரக்கில் அது நிலைக்குமா என்பதற்கு இன்னும் போதுமான சான்று இல்லை.

கேட்ச் கேனும் அதன் சாட்சியமும்

இன்று மிகப் பரவலான நிலைப்பாடு இது: முறையை மூடியே வை, நடுவே கேட்ச் கேன் எனும் ஒரு பிரிப்பானைப் போடு. தடுப்புத் தகடுகள், சுழல் அறை, சல்லடை, இழைப்பஞ்சு என்று உள்ளமைப்புகள் பல. பெரிய துளிகள் எந்தத் தடுப்பிலும் மோதி விழுந்துவிடும். ஒரு மைக்ரானுக்கும் கீழான துளிகள் வாயுவோடு வளைந்து தப்பிவிடும். அவற்றைப் பிடிக்க நெருக்கமான இழைகளோ வேகமாகச் சுழலும் தட்டுகளோ வேண்டும். வெறும் டப்பாவை விற்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பேசுவதில்லை.

கேனில் சேர்ந்ததைக் காட்டி, இவ்வளவும் என் இன்ஜினுக்குள் போயிருக்கும் என்று சொல்வது இத்தரப்பின் முக்கியச் சான்று. அந்தத் திரவத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் ஊற்றி ஓர் இரவு அசையாமல் வைத்தால் வேறு கதை தெரியும். அடியில் தெளிந்த தண்ணீர், நடுவே பால் கலந்த காப்பி நிறத்தில் ஒரு குழம்பு, மேலே பெட்ரோல் வாடை வீசும் மெல்லிய ஆயில். குளிர்காலத்தில் தண்ணீரின் பங்கே அதிகம். அந்தத் தண்ணீரும் பெட்ரோலும் பிசிவி வழியாக எரிந்துபோகவே வடிவமைக்கப்பட்டவை. அவற்றைப் பிடித்துவைத்ததால் இன்ஜினுக்குப் பெரிய லாபம் இல்லை. கேன் நிரம்பியது என்பது கேன் வேலை செய்கிறது என்பதற்குச் சான்று. இன்ஜின் கெடாமல் தப்பியது என்பதற்கு அது சான்றாகாது.

கேனுக்கு ஆதரவான இரண்டாவது வாதம் வால்வுப் படிவு. பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜின்களில் இன்டேக் வால்வின் முதுகை எரிபொருள் கழுவுவதில்லை. ஆயில் ஆவி அங்கே கரியாகப் படிகிறது. 2014இலிருந்து ஜிஎம்மின் வி8 டிரக் இன்ஜின்கள் இந்த வகை. அவற்றில் சூப்பர்சார்ஜர் பூட்டுபவர்களுக்கு இந்தக் கவலை நியாயமானது. ஆனால் லைட்னிங், டிஆர்எக்ஸ், ராப்டர் ஆர் மூன்றிலும் பெட்ரோல் இன்டேக் போர்ட்டிலேயே பீய்ச்சப்படுகிறது. அந்த வண்டிகளுக்கும் இதே காரணத்தைச் சொல்லி கேன் விற்பது சரியல்ல. அவற்றில் நியாயமான காரணங்கள் இன்டர்கூலரின் தூய்மையும் நாக் தடுப்பும்தான். குறைந்த ஆர்பிஎம்மில், அதிகச் சுமையில், ஸ்பார்க்குக்கு முன்பே எரியும் கோளாறையும் சிலர் இதில் சேர்க்கிறார்கள். அது பெரும்பாலும் நேரடி இன்ஜெக்‌ஷன் டர்போ இன்ஜின்களில் ஆராயப்பட்டது. ரிங் இடுக்கிலிருந்து கிளம்பும் ஆயில்-பெட்ரோல் துளிகளே முதல் சந்தேகத்துக்கு உரியவை. 2018இலும் 2020இலும் வந்த புதிய ஆயில் தரங்கள் ஆயிலின் கலவை வழியாகத்தான் அதை அணுகின. பிசிவி வழியே வரும் ஆயிலின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

கேனுக்கென்று ஆபத்துகளும் உண்டு. காலி செய்ய மறந்தால் நிரம்பிய முழுவதையும் இன்ஜின் விழுங்கும். கடும் குளிரில் உள்ளிருக்கும் நீர் உறைந்து குழாயை அடைத்தால், எந்த அழுத்தத்தைத் தவிர்க்க நினைத்தோமோ அதே அழுத்தம் பின்பக்க சீலைப் பிதுக்கும். சிறு கேனை 10 மில்லிமீட்டர் குழாயில் கோத்தால் பூஸ்டின்போது அதுவே ஒரு தடையாகிவிடும்.

டீசல் சொல்லும் மாற்றுக் கதை

டீசல் டிரக்கின் அனுபவம் தனி. 1938இல் ஜிஎம் கொண்டுவந்த 71 வரிசை டூ-ஸ்ட்ரோக் டீசலுக்கு ரூட்ஸ் புளோயர் கட்டாயம். அதில்லாமல் இன்ஜின் மூச்சே விடாது. அந்த இன்ஜினில் காற்றுப்பெட்டியில் சேரும் ஆயிலும் நீரும் வடிய வெளியே தனிக் குழாய்கள் வைத்தார்கள். புளோயரின் சீல் போய் ஆயில் உள்ளே வரத் தொடங்கினால் டீசலை நிறுத்தினாலும் இன்ஜின் ஆயிலையே எரித்துக் கட்டுமீறி ஓடும். அதற்காகக் காற்றையே அடைக்கும் அவசரக் கதவு வைக்கப்பட்டது. கிராங்க்கேஸ் ஆயிலை இன்டேக்குக்குள் அனுப்புவது ஏன் டீசல்காரர்களுக்குப் பயத்தைத் தருகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

டர்போவும் ஆஃப்டர்கூலரும் அழுக்கேறும் என்ற காரணத்தால் அமெரிக்காவின் கனரக டர்போ டீசல்களுக்கு, கிராங்க்கேஸை மூடும் விதியிலிருந்து நெடுங்காலம் விலக்கு இருந்தது. பிரீதர் குழாய் ரோட்டைப் பார்த்தே தொங்கியது. அதன் விலை யார் தலையில் விழுந்தது என்பதைக் கிளீன் ஏர் டாஸ்க் ஃபோர்ஸ் அமைப்பின் 2005 ஆய்வு காட்டியது: பள்ளிப் பேருந்துகளுக்குள் குழந்தைகள் சுவாசித்த நுண்துகளில் கிராங்க்கேஸ் வாயுவுக்குப் பெரும் பங்கு இருந்தது, இன்ஜின் முன்னால், கதவும் முன்னால் என்பதால் கதவு திறக்கும்போதெல்லாம் அது உள்ளே வந்தது. எக்ஸாஸ்ட்டில் மட்டும் ஃபில்டர் வைத்தால் போதாது என்று இதன்மூலம் தெளிவானது. 2007 மாடலிலிருந்து விலக்கு முடிந்தது: மூட வேண்டும், அல்லது திறந்துவிடுவதை எக்ஸாஸ்ட்டின் கணக்கில் சேர்க்க வேண்டும். யூரோ 6ம் இதே போக்கு. 2020 ஏப்ரல் முதல் இந்தியாவின் பிஎஸ்6ம் அதைப் பின்பற்றுகிறது.

டீசல் துறை இதனால் பிரிப்பானை ஒரு துணைப்பொருளாக அல்லாமல் இன்ஜினின் உறுப்பாகவே எடுத்துக்கொண்டது. ராம் டிரக்கின் கம்மின்ஸ் 6.7 லிட்டர் இன்ஜினில் டாப்பெட் கவரின் மேல் இழை ஃபில்டர் இருக்கிறது. 67,500 மைலுக்கு, அதாவது ஏறத்தாழ 1,08,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பெரிய லாரிகளில் ஆல்ஃபா லாவல், ஹால்டெக்ஸ் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய ஆல்ஃப்டெக்ஸ் போன்ற சுழலும் தட்டுப் பிரிப்பான்கள் வந்தன. ஆஸ்திரேலியாவில் லேண்ட் குரூசர், ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் மான்+ஹும்மலின் புரோவென்ட்டைத் தாமே பூட்டுகிறார்கள். பெட்ரோல் டிரக்குகளின் கேட்ச் கேன் சந்தை இதிலிருந்து கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது: எத்தனை லிட்டர் ஓட்டத்துக்கு, எந்த அளவு துளியில், எவ்வளவு அழுத்த இழப்போடு பிரிக்கும் என்ற மூன்று எண்களையாவது வெளியிடும் பழக்கத்தை.

ரிங்கிலேயே நிறுத்தலாமா

இன்னொரு தரப்பு, குழாயைப் பற்றிய பேச்சே பிந்தியது, கசிவை ரிங்கில் குறையுங்கள் என்கிறது. நியாயமான வாதம், ஆனால் பூஸ்ட் எதிர்த்திசையில் இழுக்கிறது. 100 மில்லிமீட்டர் போர் உள்ள இன்ஜினில் பூஸ்ட் இல்லாவிட்டால் மேல் ரிங்கின் இடைவெளியை 0.45 மில்லிமீட்டர் அளவில் வைப்பார்கள். பூஸ்ட் வரும்போது 0.6 வரை கூட்டுகிறார்கள். ரிங் அதிகம் சூடாகும், விரியும். முனைகள் இரண்டும் முட்டிக்கொண்டால் பிஸ்டனின் விளிம்பே உடைந்துவிடும். பூஸ்ட் இல்லாமல் ஓட வடிவமைத்த தொழிற்சாலை இன்ஜினில் கிட் பூட்டுபவர்களுக்கு நேரும் பெரும் இழப்புகளில் இது ஒன்று. இடைவெளியைக் கூட்டினால் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது கசிவு கூடும். உரசலைக் குறைக்க இலகுவாக்கிய ஆயில் ரிங்குகள் எரிபொருளை மிச்சப்படுத்தினாலும் ஆயிலை மேலே விடுகின்றன. கசிவை ரிங்கில் குறைக்கலாம், பூஸ்ட் இன்ஜினில் நீக்க முடியாது.

அதனால் எந்தப் பிரிப்பானையும் வாங்குவதற்கு முன் கசிவையே அளப்பது நல்லது. லீக்-டவுன் சோதனை, அல்லது டிப்ஸ்டிக் குழாயில் ஒரு மேனோமீட்டரைச் செருகி நீர்மட்ட அங்குலத்தில் கிராங்க்கேஸ் அழுத்தத்தைப் பார்ப்பது, கேன் நிறைவதைப் பார்ப்பதைவிடப் பல மடங்கு நம்பகமானது. ஆயில் மூடியைத் திறந்து புகையைப் பார்க்கும் பழைய பட்டறை முறை ஐடில் நிலையை மட்டுமே காட்டும். இன்ஜின் தவறுவதோ பூஸ்டில்.

எஞ்சியிருப்பவை

இதுவரை உள்ள சான்றுகளின்படி, தெருவில் ஓடும் சூப்பர்சார்ஜர் டிரக்குக்குத் திறந்துவிடும் முறையைப் பரிந்துரைக்க எந்தக் காரணமும் தெரியவில்லை. மூடிய முறையே சரி. அதிலும் இணைக்கும் இடம், குழாயின் அகலம், உறிஞ்சும் துளையின் இருப்பிடம் ஆகியவை பிரிப்பானுக்கு முன்னால் வரவேண்டியவை. மேனிஃபோல்டின் மேல் உட்காரும் புளோயருக்கு ரோட்டருக்கு முன்னால் ஒரே இணைப்பு போதுமானதாக இருக்கலாம். சென்ட்ரிஃபியூகல் வகைக்கு இரட்டைப் பாதையும் நம்பகமான ஒருவழி வால்வுகளும் ஏறக்குறைய கட்டாயம். பிரிப்பான் உதவும் என்று நம்ப இடமுண்டு; எவ்வளவு என்பது திறந்த கேள்வி. இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜினில், நாக்கால் இக்னிஷன் பின்தள்ளப்படுவதை அது எத்தனை டிகிரி குறைக்கிறது, இன்டர்கூலரின் திறனை ஆண்டுக்கணக்கில் எவ்வளவு காக்கிறது என்பவற்றுக்கு ஒரே வண்டியில், கேன் வைத்தும் எடுத்தும், நீண்ட ஏற்றத்தில் அளந்த எண்கள் வேண்டும். விற்பவர்களின் படங்கள் அதற்கு ஈடாகா.

இந்தக் கேள்வி ஹைட்ரஜன் இன்ஜின்களோடு புதிதாகத் திரும்பி வருகிறது. 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் நடந்த இந்தியா எனர்ஜி வீக்கில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட அசோக் லேலண்டும் ரிலையன்ஸும் ஹைட்ரஜனை எரிக்கும் கனரக டிரக்கைக் காட்டின. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் எரியும். ரிங்கைக் கடந்து கிராங்க்கேஸில் இறங்கும் ஹைட்ரஜன் அந்த வரம்பைத் தொடாமல் இருக்கப் புதுக்காற்றால் தொடர்ந்து அலசியாக வேண்டும். அந்த அலசும் காற்றைப் பூஸ்டின் உச்சத்திலும் எதைக் கொண்டு ஓட்டுவது, அது சுமந்து வரும் ஆயிலை எந்தப் பிரிப்பானில் நிறுத்துவது என்பதற்கு பெட்ரோல், டீசல் அனுபவம் பாதி விடையைத்தான் தருகிறது.